ஒரு பேனாவின் பாடபேதங்கள்

பத்து ஆண்டுகளாகக் கவிதையையும் உரைநடையையும் ஆய்ந்து வரும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் பேனாவைப் பொருளாக எடுத்துக்கொள்வது அவையோர் சிலருக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். எழுதியதைப் பற்றிப் பேசுவோர் எழுதிய கருவியைப் பற்றிப் பேசுவது அரிது. ஆயினும் பழம்பேனாக்களைத் தொகுப்போர் தம் பேனாக்களை அடையாளம் காணக் கையாளும் முறை, தமிழறிஞர் ஏட்டுச்சுவடிகளிடத்துக் கையாண்ட முறைக்கு மிக அணுக்கமானது. 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்கினார். மூலத்தில் இருந்தது எது, ஏடு பெயர்த்தெழுதியவன் கை தவறியது எது, பின்னால் வந்தவர் தம் விருப்பப்படி திருத்தியது எது என்ற கேள்விகள் சுவடிப் பதிப்பின் அடிப்படை. பழம்பேனா ஒன்றைக் கையில் எடுப்பவரும் இவற்றையே கேட்க வேண்டியுள்ளது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்தது எது? தொழிற்சாலையே இடையில் மாற்றியது எது? பிற்காலத்துக் கை ஒன்று கழற்றி மாட்டியது எது?

இக்கேள்விகளுக்குத் தக்க எடுத்துக்காட்டு பார்க்கர் 51 என்னும் பேனா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் ஜார்ஜ் சாஃபோர்டு பார்க்கர் 1888இல் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு இது. வடிவமைப்பு முற்றுப்பெற்ற 1939ஆம் ஆண்டு அந்நிறுவனத்தின் 51ஆம் ஆண்டு. அந்த எண்ணே பெயராயிற்று. எண்ணை எந்த நாட்டாரும் தம் மொழியிலேயே படித்துக்கொள்வர், மொழிபெயர்க்க வேண்டுவதில்லை என்ற வணிக நோக்கும் அதில் இருந்தது. அமெரிக்கச் சந்தையில் 1941இல் வெளியாகி, 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பல இலட்சக்கணக்கில் செய்யப்பட்டது.

அதன் தோற்றத்துக்கு மூலகாரணம் மை. தாளில் பட்டவுடனே உலரக்கூடிய மை ஒன்றை அந்நிறுவனம் ஆக்கியிருந்தது. காரத்தன்மை மிகுந்த அந்த மை அக்காலப் பேனாக்களின் செல்லுலாய்டு உடலை அரித்தது, ரப்பரையும் கெடுத்தது. தாளில் விரைந்து உலரும் மை, திறந்து கிடக்கும் நிப்பின் மேலும் விரைந்து உலரும் என்பது மற்றோர் இடர். ஆகவே உடல், லூசைட் என்ற அக்ரிலிக் பொருளால் ஆயிற்று. நிப்பு, முனையைத் தவிர மற்றதெல்லாம் உறைக்குள் மறைந்தது. உறையினுள் நிப்பைச் சூழ்ந்து மெல்லிய இதழ்களையுடைய ஒரு சேகரி அமைந்தது. வெப்பத்தாலோ உயரத்தாலோ மிகுந்து வரும் மையை அவ்விதழ்கள் தம் இடைவெளிகளில் தாங்கிக்கொள்ளும். அதுவரை பேனாவின் பெருமையே வெளியே மின்னும் பொன் நிப்பாக இருந்தது. இப்பேனாவிலும் நிப்பு 14 காரட் பொன்தான். ஆனால் வாங்கியவர் கண்ணுக்கு அதன் நுனி மட்டுமே தெரிந்தது. விலை மிகுந்த பகுதியை மறைத்து விற்ற துணிவு குறிப்பிடத்தக்கது.

இதை வடிவமைத்தவர் யார் என்பதிலும் ஒரு பிழைபாடு வழங்கி வருகிறது. ஹங்கேரியில் பிறந்து சிக்காகோவில் கலைப்பள்ளி நடத்திய லாஸ்லோ மொஹோலி-நாகியே வடிவமைத்தார் என்று பலர் எழுதியுள்ளனர். அவர் 1946இல் மறைந்தார். மறைவுக்குப் பின் 1947இல் வெளிவந்த தம் நூலில் இப்பேனாவின் வடிவத்தைப் பெரிதும் பாராட்டியிருந்தார். பார்க்கர் நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராகவும் இருந்தார். ஆனால் அவ்வுறவு இப்பேனா வெளிவந்த பின்னர் ஏற்பட்டது. பேனாவை ஆக்கியவர்கள் கென்னத் பார்க்கரும், மார்லின் பேக்கர், கேலன் செய்லர் முதலிய நிறுவனத்தின் சொந்தப் பணியாளர்களுமே. புகழ்ந்தவரை ஆசிரியராக்கிவிடுவது தமிழ் இலக்கிய வரலாற்றுக்கும் புதிதன்று. தனிப்பாடல்கள் பலவற்றைப் புகழ்பெற்ற புலவர் சிலர் தலையில் ஏற்றிய வழக்கத்தை இவ்வட்டத்தினர் நன்கறிவர்.

இனிப் பேனாவைப் படிக்கும் முறைக்கு வரலாம். படித்தல் என்பது இங்கு உவமையாகச் சொல்லப்பட்டதன்று. அமெரிக்காவில் செய்த 51இன் உடலில் பெயரும் நாடும் பொறிக்கப்பட்டு, அவற்றை அடுத்து ஓர் இலக்கம் இருக்கும். அது ஆண்டின் கடைசி இலக்கம். 5 என்றால் 1945. அந்த இலக்கத்தைச் சுற்றிச் சிறு புள்ளிகள் இருக்கும். மூன்று புள்ளிகள் இருப்பின் ஆண்டின் முதற் காலாண்டு, இரண்டாயின் இரண்டாம் காலாண்டு, ஒன்றாயின் மூன்றாம் காலாண்டு. புள்ளியே இல்லையேல் கடைசிக் காலாண்டு. காலம் ஏற ஏறப் புள்ளி குறைவது விந்தையாகத் தோன்றும். காரணம் எளியது. பொறிக்கும் அச்சில் புதிதாக ஒரு புள்ளியைச் சேர்ப்பது கடினம். இருப்பதைச் சீவி எடுப்பது எளிது. ஆண்டுத் தொடக்கத்தில் மூன்று புள்ளிகளோடு அச்சைச் செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு புள்ளியாகச் சீவிக்கொண்டே வந்தனர்.

இவ்வெழுத்து ஆழமற்றது. பல ஆண்டுகள் விரல்பட்டுத் தேய்ந்திருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் உருப்பெருக்கி கொண்டு பார்க்க வேண்டும். தொகுப்போர் சிலர் வெள்ளைச் சுண்ணக்கட்டியை மெல்லத் தேய்த்துப் பள்ளத்தில் நிரப்பிப் படிக்கின்றனர். எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்கு மையாடி எழுத்தைத் தெளிவாக்கிய வழக்கமே இது, நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

ஆண்டெண் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணலாகாது. 1 என்ற இலக்கம் 1941ஐயும் குறிக்கலாம், 1951ஐயும் குறிக்கலாம். 2 என்பதும் அவ்வாறே. 1950களின் முற்பகுதியிலேயே இம்முறை கைவிடப்பட்டதால், ஐயம் இச்சில இலக்கங்களோடு நின்றுவிடுகிறது. அவ்வையத்தைத் தீர்ப்பது பேனாவின் வயிறு.

1941 முதல் 1948 வரை அமெரிக்காவில் செய்த 51இல் வேக்குமேட்டிக் என்னும் மையேற்று முறை இருந்தது. பேனாவின் வாற்பகுதியில் ஒரு சிறு மூடி உண்டு. அதைத் திருகிக் கழற்றினால் ஓர் அழுத்துகோல் தெரியும். நிப்பை மைக்கூட்டில் அமிழ்த்தி, அக்கோலைப் பலமுறை அழுத்தி விட, உள்ளேயுள்ள ரப்பர்ச் சவ்வு நீண்டு சுருங்கி மையை இழுக்கும். மை தனிப் பையில் தங்காமல் உடற்குழலிலேயே நிறையும். 1948இல் வந்த ஏரோமெட்ரிக் முறை வேறு. உடலைக் கழற்றினால் உள்ளே உலோக உறை ஒன்றும், அதன் பக்கத்தில் வரிகளிட்ட அழுத்துபட்டையும் தெரியும். உறைக்குள் ஒளி ஊடுருவும் நெகிழிப்பை. அழுத்தி விட்டால் மை ஏறும். எத்தனை முறை அழுத்த வேண்டும் என்பதும் உலோக உறையிலேயே பொறித்திருக்கும். சிலவற்றில் நான்கு முறை என்றும் சிலவற்றில் ஆறு முறை என்றும் இருப்பது தொகுப்போருக்கு மேலும் ஒரு பாடபேதம்.

இவ்விரண்டையும் பேனாவைத் திறக்காமலே வேறுபடுத்தலாம். வாற்புறத்தில் மயிரிழை போன்ற இணைப்புக்கோடு இருந்தால் வேக்குமேட்டிக். கோடு இன்றி உடல் வழுவழுப்பாக முடிந்தால் ஏரோமெட்ரிக். ஆகவே 1 என்ற இலக்கமும் வாற்கோடும் சேர்ந்திருந்தால் 1941. 1 என்ற இலக்கம் இருந்து கோடு இல்லையேல் 1951. இரு சான்றுகள் ஒன்றையொன்று திருத்தும் இடம் இது. 8 என்ற இலக்கத்தோடு இரு முறைகளும் கிடைப்பதுண்டு. 1948 மாறுதலின் ஆண்டாதலால் அதில் முரண் இல்லை.

வேக்குமேட்டிக் காலத்துக்குள்ளும் அடுக்குகள் உள்ளன. தொடக்க காலப் பேனாக்களில் அழுத்துகோல் அலுமினியத்தால் ஆனது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியதும் அலுமினியம் போர்த்தளவாடங்களுக்குச் சென்றது. அழுத்துகோல் பிளாஸ்டிக் ஆயிற்று. ஒரு விரற்கடை நீளமுள்ள அந்தக் கோலில், கடல்களுக்கு அப்பால் நடந்த போரின் தேதி பதிந்திருக்கிறது. பின்னர் 1946, 1947ஆம் ஆண்டுகளை ஒட்டி நிறுவனம் ஒரு புதிய பொத்தான் முறையைச் சில காலம் முயன்று பார்த்தது. உடலில் தெரியும் சிவப்பு வளையத்தால் அதைத் தொகுப்போர் சிவப்பு வளையப் பேனா என்கின்றனர். அம்முறை நிலைக்கவில்லை. பழுதென்று திரும்பி வந்தவற்றுள் பலவற்றில் நிறுவனமே பழைய வேக்குமேட்டிக் பொறியை வைத்து அனுப்பியது. இன்று அத்தகைய பேனா ஒன்று கிடைத்தால், புறத்தே சிவப்பு வளையம், அகத்தே வேறு பொறி. இதை மூலம் என்பதா, திருத்தம் என்பதா? திருத்தியவர் ஆக்கியோரே. ஆசிரியரே தம் இரண்டாம் பதிப்பில் ஓரடியை மாற்றினால் எவ்வாறு கொள்வோமோ அவ்வாறே இதையும் கொள்ளுதல் தகும். பிற்காலத்தார் கைபட்டதாக எண்ணி ஒதுக்குவதும், அந்த மாற்றத்தை நீக்கி முன்னைய பொறியைத் தேடிப் பொருத்துவதும் வரலாற்றை அழிக்கும் செயல்கள்.

மிகுதியான ஏமாற்று நிகழும் இடம் மூடி. 51இன் மூடி திருகி மாட்டுவதன்று, செருகினால் உட்பிடி பற்றிக்கொள்ளும். இந்த வசதியால் ஓராண்டுப் பேனாவின் மூடி மற்றோராண்டுப் பேனாவுக்கு எளிதில் பொருந்திவிடும். உடைந்த பேனாவின் நல்ல மூடியைத் தேய்ந்த மூடியுள்ள பேனாவுக்கு மாட்டிப் பலர் பயன்படுத்தியிருப்பர். அதில் குற்றமில்லை. எளிய மங்கல் எஃகு மூடியோடு பிறந்த பேனாவுக்குப் பொன்மூடியை மாட்டி, பிறந்ததே அவ்வாறு என்று விற்பதுதான் குற்றம். இத்தகைய இணைப்பைத் தொகுப்போர் திருமணம் என்று கேலியாகச் சொல்வர். எம்பயர் ஸ்டேட் என்று பெயர்பெற்ற, கட்டடத்தின் படிநிலைகளை நினைவூட்டும் வரிகளையுடைய பொன்மூடிகளுக்கு விலை மிகுதி. ஆகவே போலியும் அவற்றில் மிகுதி.

மூடியின் காலத்தைக் காட்டும் சான்று அதன் கிளிப்பில் இருக்கிறது. பார்க்கர் கிளிப்பு அம்பு வடிவினது. முற்காலத்தவற்றில் அம்பின் மேற்பகுதியில் நீல வைரக் குறி ஒன்று எனாமலில் பதிந்திருக்கும். அழகுக்கு வைத்ததன்று அது. உரிமையாளரின் ஆயுள் முழுதும் பேனாவுக்கு உத்தரவாதம் என்பதன் அடையாளம். ஆயுள் உத்தரவாதம் என்று பெரிதாக விளம்பரம் செய்துவிட்டு, பழுது பார்க்க வரும்போது சேவைக் கட்டணம் கேட்பது பொருந்துமா என்ற கேள்வியை அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் எழுப்பிற்று. பார்க்கர் நிறுவனத்தின் வழக்கு 1946இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. 1940களின் இறுதிக்குள் நீல வைரம் 51இன் கிளிப்பிலிருந்து மறைந்தது. ஆகவே வைரக்குறியுள்ள மூடியும் ஏரோமெட்ரிக் உடலும் சேர்ந்து வந்தால் ஐயுற வேண்டும். 1951 என்று உடலில் இலக்கம் இருந்து மூடியில் வைரமும் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. அவை இரு வேறு பேனாக்களின் பகுதிகள். ஒரு சட்ட வழக்கின் முடிவு ஒரு கிளிப்பின் எனாமலில் எழுதப்பட்டிருப்பதை வேறெந்தப் பொருளில் இவ்வளவு தெளிவாகக் காணலாம் என்று சொல்வது அரிது.

மூடியின் விளிம்பில் பொறித்த சிறு எழுத்துகளும் பேசும். பொன் என்று எழுதியிருப்பதற்கும் பொன் போர்த்தது என்று எழுதியிருப்பதற்கும் விலை வேறுபாடு மிகப் பெரிது. தமிழில் இரண்டாவதை முலாம் என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல் போதாது. மலிவான அடி உலோகத்தின் மேல் பொன்தகட்டை அழுத்தி ஒட்டிய போர்வை மெல்லிய முலாமைவிடப் பன்மடங்கு கனமானது, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தேயாமல் நிற்பது. எஃகு மூடிகளிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. மங்கலாகத் தோன்றுமாறு செய்த லஸ்ட்ரலாய் என்ற மூடியை மெருகேற்றிவிட்டால், 1950இல் வந்த ஸ்பெஷல் என்ற மலிவுப் பேனாவின் பளபளப்பான மூடியைப் போல் ஆகிவிடும். அறியாது மெருகேற்றியவர் தம் பேனாவின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொண்டவர். ஸ்பெஷலின் நிப்பு பொன்னன்று, எட்டுத் தனிமங்கள் சேர்ந்த உலோகக் கலவை. எனவே மூடியைக் கொண்டு மட்டும் முடிவு கூறாமல் நிப்பையும் பார்ப்பவர் ஏமாறார்.

நிறங்களைப் பற்றி விரிப்பின் பெருகும். நசாவ் கிரீன் என்ற தொடக்க காலப் பச்சையும், ஏரோமெட்ரிக்கின் முதற் சில ஆண்டுகளில் மட்டும் வந்த பிளம் என்ற நாவற்பழ நிறமும் அரியவை. கறுப்பு எங்கும் கிடைப்பது. ஒளி ஊடுருவும் உடலுடைய காட்சிப் பேனாக்களை நிறுவனம் விற்பனையாளர்களுக்காகச் செய்தது. பிற்காலத்தார் கடைந்து செய்த அத்தகைய உடல்களும் இன்று உலவுவதால், அவற்றில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

நாட்டுப் பெயரும் ஒரு காலக்குறி. பார்க்கரின் இங்கிலாந்துத் தொழிற்சாலை நியூஹேவன் நகரில் இருந்தது. அங்கே 51 செய்யத் தொடங்கியது ஏரோமெட்ரிக் முறை வந்த பின்னரே. எனவே இங்கிலாந்தில் செய்தது என்று பொறித்த 51 ஒன்றைப் போர்க்காலப் பேனா என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராயினும், ஏற்றல் இயலாது. தமிழ் வீடுகளில் பழைய பெட்டிக்குள்ளிருந்து எடுக்கப்படும் உறைநிப்புப் பேனாக்களுள் பல பார்க்கரே அல்ல, சீனாவின் ஹீரோ பேனாக்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு தலைமுறைத் தமிழ் மாணவர் தேர்வெழுதிய ஹீரோ பேனாக்களின் உருவம் 51ஐப் பார்த்துச் செய்தது. அம்பு போன்ற கிளிப்பைக் கண்டு பார்க்கர் என மகிழ்ந்தவர்கள், மூடியின் விளிம்பைப் படித்தால் உண்மை விளங்கும். அதனால் அப்பேனாவுக்கு இழுக்கொன்றும் இல்லை.

இதுவரை சொன்னவை கண்டறியும் முறை. கண்டறிந்த பின் என்ன செய்வது என்பதில்தான் தொகுப்போருக்கும் இலக்கியத்தாருக்கும் வழி பிரிகிறது.

வேக்குமேட்டிக்கின் ரப்பர்ச் சவ்வு காலத்தால் இறுகி உடையும். அதை மாற்றாமல் பேனா எழுதாது. மாற்றுதலில் தவறில்லை. நிப்பை மறைக்கும் உறையைக் கழற்ற வேண்டுமாயின் மிதமான வெப்பம் காட்ட வேண்டும். அதன் புரியை ஒட்டியிருப்பது அரக்கு. அரக்குப் பூச்சியின் பிசினை உலகுக்கு மிகுதியாக அளித்த நாடு இந்தியா. அமெரிக்கப் பேனாவின் உட்புறத்தில் இந்நாட்டுக் காட்டின் பொருள் ஒளிந்திருக்கக்கூடும் என்பது சுவையான செய்தி. வெப்பத்தில் அரக்கு இளகும், பின்னர் மீண்டும் அரக்கிட்டு மூடலாம். இவ்வாறு திரும்பப் பெறக்கூடிய பழுதுபார்ப்பு பேனாவின் சான்றைக் கெடுப்பதில்லை.

கெடுப்பது மெருகு. கீறல் நீங்க வேண்டும் என்று மெருகுப் பசையிட்டுத் தேய்ப்பவர், ஆழமற்ற அந்த ஆண்டெண்ணையும் புள்ளிகளையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார். கடையில் புதியது போல் மின்னும். எந்த ஆண்டுப் பேனா என்று இனி அதனால் சொல்ல முடியாது.

அதனினும் வருந்தத்தக்கது பெயர் நீக்கம். அக்காலத்தில் பேனாவை வாங்குவோர், அல்லது பரிசாக அளிப்போர், உடலிலோ மூடியிலோ பெயரைப் பொறித்துக்கொள்வது வழக்கம். தொகுப்போர் சந்தையில் பெயர் பொறித்த பேனாவுக்கு விலை குறைவு. வேறொருவர் பெயரைத் தாங்கிய பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்ளப் பெரும்பாலோர் விரும்புவதில்லை. எனவே சிலர் பெயரைத் தேய்த்து அழித்து விற்கின்றனர். சந்தைக்கு அது குறை. இலக்கியத்தாருக்கோ அப்பேனாவில் மதிப்புள்ள பகுதி அந்தப் பெயர் ஒன்றே. பெயரில்லாத 51 இன்றும் பல்லாயிரம் கிடைக்கும். ஓர் ஆசிரியருக்கு அவர் மாணவர் அளித்தது என்றோ, ஒரு மகளுக்குத் தந்தை அளித்தது என்றோ பொறித்த பேனா, உலகில் ஒன்றே உண்டு. சுவடியின் இறுதியில் எழுதினோன் பெயரும் ஊரும் ஆண்டும் இருக்கும் ஏட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, இப்போது சுவடி தூய்மையாயிற்று என்று மகிழ்வதற்கு ஒப்பானது இப்பெயர் நீக்கம். விலையைக் கொண்டு தூய்மையை அளப்போரிடம் பேனாவை ஒப்படைக்கும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும்.

மறைந்த கவிஞர் ஒருவரின் பொருள்களைக் கண்ணாடிப் பேழையில் வைக்கும் பணி இத்தகைய வட்டங்களுக்கு என்றேனும் வந்து சேரும். பேழையில் கண்ணாடி, கைக்கடிகாரம், கையெழுத்துப்படி, பேனா. அருகே ஓர் அட்டை. இந்தப் பேனாவால்தான் இக்கவிதைகளை எழுதினார் என்று அட்டையில் எழுதிவிடத் தோன்றும். கையெழுத்துப்படியின் தேதி 1943 என்று கொள்வோம். பேனாவோ ஏரோமெட்ரிக். அவ்வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. எவரும் வேண்டுமென்று சொன்ன பொய்யன்று. அன்பு மிகுதியால் நேர்ந்தது. எனினும் நாளைய ஆய்வாளர் ஒருவர் அந்தப் பேனாவின் இலக்கத்தைப் படிப்பார். ஒன்று பொய் எனக் கண்டவர், அருகிலுள்ள கையெழுத்துப்படியையும் ஐயுறத் தொடங்குவார். பேனாவைப் பற்றிய பிழை கவிதையின் மீது சென்று விழும்.

ஆண்டு பொருந்தவில்லை என்பதற்காகப் பேனாவைப் பேழையிலிருந்து அகற்றவும் வேண்டுவதில்லை. அது அவருடைய பிற்காலப் பேனாவாக இருந்திருக்கும். 1943இல் எதனால் எழுதினார் என்பது வேறு கேள்வி. தாளையும் மையையும் கோட்டின் தடிப்பையும் கொண்டு அதைத் தனியே ஆராயலாம். தொட்டெழுதும் கட்டைப்பேனாவாகவும் இருந்திருக்கலாம். பேனாவின் ஆண்டு பொருந்தினாலும் அதனால்தான் எழுதினார் என்று ஆகிவிடாது. எழுதியிருக்கக்கூடும் என்பதற்கு மேல் அச்சான்று செல்லாது. தொகுப்போருள் தேர்ந்தவர்கள் இந்த வரம்பைக் கண்டிப்பாகக் காக்கின்றனர். அவர்கள் பேனாவை ஒரு பொருளாக எழுதுவதில்லை. உடல், மூடி, மையேற்றி, நிப்பு எனத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஆண்டைச் சுட்டுகிறது, எது எதனோடு பொருந்தவில்லை என்பதை அருகில் குறிக்கின்றனர். மாற்றிய பகுதியை மாற்றியது என்றே எழுதுகின்றனர்.

2021இல் பார்க்கர் 51 என்ற பெயரோடு ஒரு புதிய பேனா சந்தைக்கு வந்துள்ளது. அதன் மூடி திருகி மாட்டுவது. மை அடைத்த குப்பியாலும் அதை நிரப்பலாம். பழையதன் உருவத்தைத் தழுவியதே எனினும் பழைய மூடியை அதில் செருக முடியாது. ஆகவே இவ்விரண்டையும் மயங்கி இணைக்கும் இடர் இல்லை. பேழை அட்டை எழுதுவோர் அஞ்ச வேண்டியது பழையவற்றுக்குள்ளேயே நிகழும் மயக்கத்தைத்தான். மேற்சொன்ன கவிஞரின் பேழைக்கு அட்டை எழுதுவதாயின் அது ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: பார்க்கர் 51. கவிஞர் குடும்பத்தார் அளித்தது. உடலில் இலக்கம் 1, புள்ளி இரண்டு. ஏரோமெட்ரிக். எனவே 1951, இரண்டாம் காலாண்டு. மூடியில் நீல வைரம் உள்ளது, எனவே முந்திய பேனா ஒன்றினுடையது. மூடியில் கவிஞர் பெயர் பொறித்துள்ளது, உடலில் இல்லை.

அட்டையின் கடைசி வரியைப் படிப்பவர், அந்த மூடிக்குரிய முதற் பேனா எங்கே என்று கேட்பார். குடும்பத்தாரிடம் அடுத்து கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.